அமெரிக்கக் கறிக்கடையில் பெயர் தெரியாத மாட்டுக்கறித் துண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாணியம்பாடியில் மாட்டுக்கறி வாங்கப் போனால் பாய் இரண்டு கேள்விதான் கேட்பார். "எலும்போடவா, தனிக்கறியா?" அப்புறம், "பிரியாணிக்கா, குழம்புக்கா?" பதில் சொல்லிவிட்டு நின்றால் போதும். எந்த இடத்தில் கத்தி வைப்பது என்பது அவர் கைக்குத் தெரியும். டெக்ஸாஸுக்குக் குடிவந்த பிறகுதான் அந்தப் பாய் எனக்காக எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று புரிந்தது. இங்கே குளிர்பெட்டியில் வரிசையாகத் தட்டுகள். சக், ரவுண்ட், ஃபிளாங்க், ஸ்கர்ட், டிரை-டிப், ஃபிளாட் அயன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். புதிதாக வந்த மாணவர்களும் குடும்பங்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு, சமைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட பதில்கள் இவை.

இத்தனை பெயர்களில் எங்கிருந்து தொடங்குவது?

பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். மாட்டை மனதில் நிறுத்துங்கள். அது நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, தலையைத் தாழ்த்தி மேய்கிறது. அதனால் கழுத்து, தோள், மார்பு, கால், தாடை எல்லாம் ஓயாமல் உழைக்கின்றன. முதுகெலும்பை ஒட்டி, இடுப்புப் பக்கமாக ஓடும் தசைக்கு அவ்வளவு வேலை இல்லை. உழைத்த தசையில் ஜவ்வும் அதிகம், சுவையும் அதிகம். அதற்கு ஈரமும் நேரமும் வேண்டும். உழைக்காத தசை மெத்தென்று இருக்கும். அதற்குக் கடும் சூடும் சில நிமிடங்களும் போதும்.

அமெரிக்காவில் மாட்டின் உடலை எட்டுப் பெரும் பகுதியாகப் பிரிக்கிறார்கள். மேல்பக்கம் முன்னிருந்து பின்னாக: சக் என்றால் கழுத்தும் தோளும், முதல் 5 விலாவும். ரிப் என்றால் 6 முதல் 12 வரையான விலா. லாயின் என்றால் இடுப்பு. ரவுண்ட் என்றால் பின்தொடை. கீழ்ப்பக்கம்: பிரிஸ்கெட் மார்பு, ஷாங்க் கால், பிளேட் வயிற்றின் முன்பகுதி, ஃபிளாங்க் வயிற்றின் பின்பகுதி.

லேபிளில் இந்த எட்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். "பீஃப் சக் டாப் பிளேட் ஸ்டேக்" என்று எழுதியிருந்தால் முதல் சொல் எந்த விலங்கு, இரண்டாவது சொல் உடலின் எந்த இடம், மிச்சம் துண்டின் பெயர். நீங்கள் தேட வேண்டியது அந்த இரண்டாவது சொல்லைத்தான். துண்டின் பெயரில் வரும் பிளேட் (blade) தோள்பட்டை எலும்பைக் குறிக்கிறது, வயிற்றுப் பகுதியான பிளேட் (plate) வேறு.

அப்படியானால் துண்டின் பெயரை நம்பலாமா?

எல்லா நேரமும் நம்ப முடியாது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை ஒரே துண்டுக்கு வேறு வேறு பெயர் புழங்கியதால்தான் 1973-இல் அமெரிக்க இறைச்சித் துறை ஒரு பொதுப் பெயர் முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகும் குழப்பம் முழுதாகத் தீரவில்லை. பணத்தை வீணாக்கக்கூடிய நான்கு பெயர்களைச் சொல்கிறேன்.

முதலாவது ஐ ஆஃப் ரவுண்ட். உருண்டு நீண்டு, கொழுப்பே இல்லாமல், பார்ப்பதற்கு, இடுப்பில் கிடைக்கும் மிக மென்மையான துண்டான டெண்டர்லாயின் போலவே இருக்கும். விலை குறைவு என்பதால் கை தானாகப் போகும். ஆனால் அது பின்தொடைத் தசை. நான் இங்கே வந்த புதிதில் 3 பவுண்டு வாங்கிப் பிரியாணி செய்தேன். எட்டு விசில் விட்டேன். கறி பஞ்சு நூலாகப் பிரிந்து, மசாலாவுக்குள் கிடந்தும் உலர்ந்து போயிருந்தது. விருந்தாளிகள் சாதத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கறியை ஓரமாக ஒதுக்கினார்கள். இந்தத் துண்டை எதற்கு வாங்கலாம் என்றால், தாள் போல மெல்லியதாகச் சீவி உடனே வதக்க. வியட்நாமியர் ஃபோ சூப்பில் பச்சைச் சீவலாகப் போட்டுக் கொதிக்கும் சாற்றை ஊற்றுவது பெரும்பாலும் இதைத்தான்.

இரண்டாவது சக் டெண்டர், இன்னொரு பெயர் மாக் டெண்டர். பெயரில் மென்மை இருக்கிறது, தசையில் இல்லை. தோள்பட்டை எலும்பின் மேல் கிடக்கும் கூம்பு வடிவத் துண்டு அது, குழம்புக்குத்தான் சரி. இதோடு குழப்பக் கூடாதது ஷோல்டர் டெண்டர். பெடிட் டெண்டர் என்றும் டெரெஸ் மேஜர் என்றும் சொல்வார்கள். கையளவு இருக்கும் சின்னத் தசை, உண்மையாகவே மென்மையானது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

மூன்றாவது சர்லாயின் டிப். சர்லாயின் என்பது இடுப்புப் பகுதி, ஆனால் இந்தத் துண்டு வருவது பின்தொடையின் முன்பக்கத்திலிருந்து. நான்காவது லண்டன் பிராயில். இது ஒரு துண்டே இல்லை, ஒரு சமையல் முறை. ஊறவைத்து, கடும் சூட்டில் வாட்டி, மெல்லியதாக அரிவது. ஃபிளாங்கையோ டாப் ரவுண்டையோ வெட்டிவைத்து அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

ஊரில் 8 விசில் விட்டால் பஞ்சு போல வேகும். இங்கே ஏன் காய்ந்து போகிறது?

இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று மாட்டின் வயது. நம் ஊரில் கடைக்கு வருவது பெரும்பாலும் முதிர்ந்த மாடு, அல்லது எருமை. அமெரிக்காவில் தானியம் போட்டு வளர்த்து, ஏறக்குறைய ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் வெட்டிவிடுகிறார்கள். வயது ஏற ஏற ஜவ்வில் உள்ள கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்ளும், கரைய அதிக நேரம் எடுக்கும். இளம் மாட்டில் அது சீக்கிரம் கரைந்துவிடும். ஊர்க்கணக்கை இங்கே அப்படியே வைத்தால் தேவைக்கு மேல் வேகிறது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. கறி சூடானால் தசை நார் சுருங்கித் தண்ணீரை வெளியே பிழிந்துவிடும். இது எல்லாத் துண்டிலும் நடக்கும், குழம்புக்குள் கிடந்தாலும் நடக்கும். சுற்றிலும் தண்ணீர் இருக்கிறது என்பதற்காக நாருக்குள் ஈரம் நிற்காது. பிறகு ஏன் சில துண்டுகள் மட்டும் வெந்தபின் சாறோடு இருக்கின்றன? அவற்றில் உள்ள கொலாஜன் சுமார் 70 டிகிரி செல்சியஸில் மெல்லக் கரையத் தொடங்கி ஜெலட்டினாக மாறுகிறது. இழந்த தண்ணீரின் இடத்தை அந்தப் பசைதான் நிரப்புகிறது. பாயா குடித்தால் உதடு ஒட்டுமே, அதே பொருள்தான். ஜவ்வும் கொழுப்பும் குறைந்த ஐ ஆஃப் ரவுண்ட் மாதிரித் துண்டில் நிரப்ப ஒன்றும் இல்லை. விசிலைக் கூட்டக் கூட்ட இன்னும்தான் காயும்.

ஆகவே, குழம்புக்குக் கறி வாங்கும்போது வெள்ளை நரம்பும் ஜவ்வும் தெரிகிற துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமாக, சிவப்பாக, அழகாகத் தெரிவதை வைத்துவிடுங்கள். இங்கே வந்து நான் கற்றுக்கொண்டதில் அதிகம் பயன்பட்டது இதுதான்.

குழம்பு, பிரியாணி, சுக்கா: எதற்கு எந்தத் துண்டு?

ஒரே ஒரு பெயரைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் சக் ரோஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோள் கறி. பல தசைகள் சேர்ந்தது, நடுநடுவே கொழுப்பும் ஜவ்வும் ஓடும், விலையும் தாங்கும். 2, 3 பவுண்டு முழுத்துண்டாக வாங்கி, வீட்டில் 4 சென்டிமீட்டர் கனமாக வெட்டுங்கள். ஒரு பவுண்டு ஏறக்குறைய 450 கிராம்.

பிரியாணிக்கு நான் சக் கறியை மட்டும் தனியாகப் போடுவதில்லை. எலும்பு இல்லாவிட்டால் மசாலாவுக்கு அடிச்சுவை வராது. ஒரு கிலோ சக்குக்கு, குறுக்கே வெட்டிய ஷாங்க் துண்டு ஒன்று சேர்க்கிறேன். ஷாங்க் வேக நேரம் பிடிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே தனியாக வேகவைத்து, அந்தச் சாற்றையே தண்ணீருக்குப் பதில் ஊற்றுவேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துப் பிரியாணி என்றால் காய்ந்த மிளகாய் விழுது, தயிர், சீரகச் சம்பா. கறி முக்கால் பதத்துக்கு மேல் வெந்த பிறகே அரிசி. இங்கத்திய சக் மின்குக்கரில் (மின்சாரப் பிரஷர் குக்கரில்) 20 நிமிடத்தில் அந்தப் பதத்துக்கு வரும். விசில் குக்கர் என்றால் 3 விசில், பிறகு சிறு தீயில் 8 நிமிடம். அழுத்தம் தானாக இறங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் கறிக்குள் இருக்கும் சாறு கொதித்து வெளியேறிவிடும்.

சுக்காவுக்கும், கன்னியாகுமரிப் பக்கம் தேங்காய்ப் பல் போட்டு வறுப்பதற்கும் இதே சக்தான். சின்னதாக வெட்டி, சற்று முன்னதாகவே குக்கரிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்ச வேக்காடு வாணலியில் நடக்க வேண்டும். கொத்துக்கறிக்கு 80/20 என்று எழுதிய கிரவுண்ட் சக் வாங்குங்கள். 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு என்று அர்த்தம். 93/7 உடம்புக்கு நல்லது என்று வாங்கிக் கோலா உருண்டை செய்தால் கல் மாதிரி வரும்.

"ஸ்டூ மீட்" என்று வெட்டியே விற்கிறார்களே, அதை வாங்கினால் வேலை மிச்சம்தானே?

பல துண்டுகளை வெட்டும்போது விழுந்த மிச்சங்களை அதில் சேர்ப்பதுண்டு. ஒன்று வெந்திருக்கும்போது இன்னொன்று ரப்பராக இருக்கும், மூன்றாவது காய்ந்திருக்கும். அவசரத்துக்குப் பரவாயில்லை. விருந்துக்கு வேண்டாம்.

ஷாங்க், ஆக்ஸ்டெயில், சீக்: எலும்பும் ஜவ்வுமாக இருப்பவற்றை என்ன செய்வது?

இவைதான் நம் சமையலுக்கென்றே பிறந்தவை. ஷாங்க் என்பது காலின் கறி, அதைக் குறுக்கே எலும்போடு அறுத்தால் நடுவில் நல்லி தெரியும். இத்தாலியப் பெயரில் ஒஸ்ஸோ புக்கோ என்றும் போட்டிருப்பார்கள். சால்னாவுக்கும் நிஹாரிக்கும் இதைவிடச் சிறந்த துண்டு கிடையாது. மின்குக்கரில் 45 நிமிடம். வெந்த பிறகு நல்லியைத் தட்டிக் குழம்பிலேயே கலந்துவிடுங்கள்.

ஆக்ஸ்டெயில் வால். ஒரு காலத்தில் ஏழைகளின் கறி. இப்போது விலை ஏறிவிட்டது, சக் ரோஸ்டைவிட அதிகமாகவே இருக்கும். எலும்புதான் எடையில் பெரும்பங்கு. ஆனால் அந்தச் சாற்றின் கனத்துக்கு ஈடு இல்லை. முந்தைய நாள் இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மேலே கொழுப்பு கட்டியாக உறையும். அதை எடுத்துவிட்டு, மறுநாள் மிளகும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டுங்கள். குக்கரில் 50 முதல் 60 நிமிடம்.

சீக் என்றால் தாடைக்கறி. மாடு அசைபோட்டுக்கொண்டே இருக்கும் விலங்கு, அதன் தாடைத் தசை எவ்வளவு உழைத்திருக்கும்! பச்சையாகத் தொட்டால் கட்டை போல இருக்கும். ஒரு மணி நேரம் குக்கரில் கிடந்தால் கரண்டியால் வெட்டலாம். டெக்ஸாஸின் மெக்சிகோ வழிக் குடும்பங்கள் ஞாயிறு காலையில் சாப்பிடும் பார்பகோவா இந்தக் கறியில் செய்வதுதான். நான் அதைத் தலைக்கறிக் குழம்பு மசாலாவில் செய்கிறேன். ஊரிலிருந்து வந்த என் அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஸ்கர்ட், ஃபிளாங்க், ஹேங்கர், பவெட்: தட்டையாக, நார் நாராக இருக்கிறதே, இது குழம்புக்கு ஆகுமா?

ஆகாது என்றில்லை, ஆனால் அதன் அருமை போய்விடும். இந்த நான்கும் வயிற்றுப் பக்கத்துத் தசைகள். ஸ்கர்ட்டில் இரண்டு வகை. அவுட்சைடு ஸ்கர்ட் உதரவிதானம், அதாவது மூச்சுக்கு அசையும் தசை. இன்சைடு ஸ்கர்ட் வயிற்றுச் சுவரிலிருந்து வருவது, கொஞ்சம் கடினம். ஹேங்கரும் உதரவிதானத்தைச் சேர்ந்ததே. உள்ளே தொங்கிக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். ஒரு மாட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கும். கடைக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள் என்பதால் கசாப்புக்காரர் ஸ்டேக் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. நடுவில் ஒரு தடித்த ஜவ்வு ஓடும், அதை நீக்கச் சொல்லி வாங்குங்கள். பவெட் என்பது ஃபிளாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் தளர்வான நார்த்துண்டு. ஃபிளாப் என்றும் போட்டிருக்கும்.

ஸ்கர்ட்டுக்கு டெக்ஸாஸில் ஒரு கதை இருக்கிறது. ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய பண்ணைகளில் மாடு வெட்டும்போது, வேலையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகத் தலை, குடல், தோல், இந்த உதரவிதானத் துண்டு ஆகியவற்றைக் கொடுப்பார்கள். அவர்கள் அதைக் கரியில் சுட்டு, அரிந்து, ரொட்டியில் சுருட்டிச் சாப்பிட்டார்கள். ஸ்பானிய மொழியில் ஃபாஹா என்றால் இடுப்புப் பட்டை. பட்டை போல இருந்ததால் ஃபாஹிதா. தலைக்கறியும் போட்டியும் நம் ஊரில் யார் வீட்டுப் பக்குவத்தில் ருசியாயின என்று யோசித்தால் இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது.

சமைக்கும் விதம்: முந்தைய இரவோ, குறைந்தது 45 நிமிடம் முன்போ உப்பு தடவுங்கள். சமைக்கும் முன் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். இரும்புத் தோசைக்கல்லைப் புகை வரும் வரை காயவிட்டு, ஒரு பக்கம் 2 முதல் 3 நிமிடம், திருப்பி அதேபோல. எடுத்து 5 நிமிடம் ஆறவிடுங்கள். மசாலாத் தூளை முன்பே தடவ வேண்டாம். அந்தச் சூட்டில் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். கறி ஆறும் நேரத்தில் அதே கல்லில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, நசுக்கிய பூண்டு, இடித்த மிளகு சீரகம் வதக்கி, அரிந்த கறியை அதில் ஒரே ஒரு புரட்டு புரட்டி எலுமிச்சை பிழியுங்கள். பெப்பர் பீஃப் என்று நாம் சொல்வதன் மிக வேகமான வடிவம் இது.

அரிவதில்தான் பாதி இருக்கிறது. நார் ஓடும் திசை இந்தத் துண்டுகளில் வெறும் கண்ணுக்கே தெரியும். அதற்குக் குறுக்கே மெல்லியதாக அரிய வேண்டும். ஸ்கர்ட்டில் நார் அகலவாக்கில் ஓடும். ஆகவே நீளமான பட்டையை முதலில் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கால் வட்டம் திருப்பி வைத்து அரியுங்கள். நார் வழியே அரிந்தால் அதே கறி மெல்ல முடியாத கயிறு.

ஃபிளாட் அயன், டென்வர் என்ற பெயர்கள் அண்மையில்தான் கேள்விப்படுகிறேன். புது ரக மாடா?

மாடு அதேதான், கத்தி போகும் பாதைதான் புதிது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெப்ராஸ்கா, ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சக், ரவுண்ட் பகுதிகளின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மென்மையை அளந்தார்கள். தோள்பட்டை எலும்பின் மேல் படிந்திருக்கும் ஒரு தசை, டெண்டர்லாயினுக்கு அடுத்தபடி மென்மையானது என்று தெரிந்தது. அது ஏன் அதுவரை மலிவாகக் கிடந்தது? நடுவே தடித்த ஜவ்வு ஒன்று நீளமாக ஓடுகிறது. வழக்கம்போல் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு ஸ்டேக்கிலும் அந்த ஜவ்வு வரும். அதுதான் டாப் பிளேட் ஸ்டேக். மாறாக, மீனைச் சதை பிரிப்பது போல ஜவ்வுக்கு மேலும் கீழும் கத்தியைப் படுக்கவைத்து உரித்தால் இரண்டு சுத்தமான பலகைகள் கிடைக்கும். அவைதான் ஃபிளாட் அயன்.

டென்வரும் சக்கின் அடியிலிருந்து பிரித்தெடுத்ததே, கொழுப்பு நன்றாகப் பரவியிருக்கும். இரண்டையும் கல்லில் வாட்டலாம். குழம்புதான் வைக்கப் போகிறீர்கள் என்றால் மலிவான டாப் பிளேடையே வாங்குங்கள். குக்கரில் அந்த ஜவ்வு கண்ணாடி போலக் குழைந்து, அதுவே தனிச் சுவையாகிவிடும்.

இதே வரிசையில் சக் ஐ ஸ்டேக்கும் ஒன்று. சக் 5-ஆம் விலாவோடு முடிகிறது, 6-ஆம் விலாவில் ரிப் பகுதியின் விலையுயர்ந்த ஸ்டேக்கான ரிப்-ஐ (ribeye) தொடங்குகிறது. தசை அந்த எல்லையில் நின்றுவிடுவதில்லை, தொடர்ந்து ஓடுகிறது. எல்லையை ஒட்டி வெட்டிய ஓரிரண்டு துண்டுகள் மட்டும் ரிப்-ஐ போலவே இருக்கும். விலை நிறையக் குறைவு.

ஷார்ட் ரிப் இரண்டு விதமாக வெட்டியிருக்கிறதே?

ஷார்ட் ரிப் என்றால் எலும்போடு வரும் விலாக்கறி. எலும்பை ஒட்டி, ஒரு எலும்புக்கு ஒரு கனத்த துண்டாக வெட்டியது இங்கிலிஷ் கட். குழம்புக்கு ராஜா. 40 நிமிடம் குக்கர். மூன்று நான்கு எலும்புகளைக் குறுக்கே சேர்த்து அரை அங்குல கனத்தில் அறுத்தது ஃபிளாங்கன் கட். கொரியக் கடைகளில் எல்.ஏ. கல்பி என்று வைத்திருப்பார்கள். இது நெருப்புக்கு. சோயா, பூண்டு, அரைத்த பேரிக்காயில் ஊறவைத்து ஒரு பக்கம் 3 நிமிடம். வெட்டு மாறினால் பக்குவமும் தலைகீழாக மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பிரிஸ்கெட், டிரை-டிப், பிகான்யா?

பிரிஸ்கெட் மார்புக்கறி. முழுசாக வாங்கினால் 5 கிலோவுக்கு மேல் இருக்கும். அதில் இரண்டு தசை. கொழுப்பு குறைந்த பலகைப் பகுதி ஃபிளாட், கொழுத்த பகுதி பாயின்ட். ஆட்டில் மார்க்கண்டம் கேட்டு வாங்குகிறவர்கள் பாயின்ட் கேளுங்கள். மத்திய டெக்ஸாஸில் ஜெர்மானிய, செக் குடியேறிகளின் கறிக்கடைகளில் வளர்ந்த புகையூட்டும் பழக்கத்தில் இதைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விறகுப் புகையில் வைத்து, உள்ளே 95 டிகிரி வரை கொண்டுபோகிறார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். பாயின்டைப் பெரிய துண்டாகவே குக்கரில் வேகவைத்து, பிறகு அரிந்து சால்னாவில் போடலாம்.

டிரை-டிப் கலிஃபோர்னியாவின் சான்டா மரியா ஊரால் புகழ்பெற்றது. 1950-களில் அங்கே சிவப்பு ஓக் விறகில் முழுசாகச் சுடத் தொடங்கினார்கள். முக்கோணத் துண்டு, நடுவில் நார் திசை மாறும். மாறும் இடத்தில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் அதனதன் நாருக்குக் குறுக்கே அரியுங்கள்.

பிகான்யா பிரேசிலியர்களின் உயிர். இங்கே டாப் சர்லாயின் கேப், கூலோட் என்ற பெயர்களில் இருக்கும். மேலே விரல் கனத்துக் கொழுப்புப் போர்வை. அதை வெட்டி எறிந்துவிடாதீர்கள், கல்லுப்பு தடவி அதன் மேலேயே சுட வேண்டும்.

நாக்கு, குடல், இருதயம்?

நாக்கை முழுசாக உப்பு, மிளகு, பட்டை போட்டு குக்கரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மேல்தோலை உரியுங்கள். ஆறிவிட்டால் தோல் வராது. உரித்ததை வறுவல் செய்யலாம், வெண்ணெய் போல இருக்கும். குடலில் தேன்கூடு வடிவில் கிடைப்பது மாட்டின் இரண்டாவது வயிறு. அமெரிக்கக் கடைகளில் சுண்ணம் போல வெளுத்து, சுத்தம் செய்தே வருவதால் ஊர் வாடை இருக்காது. மஞ்சள், இஞ்சி போட்டு ஒரு கொதி விட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு போட்டி வறுவல் மசாலாவில் போடுங்கள். இருதயம் ஓயாமல் உழைத்தாலும் ஜவ்வு அதிகமில்லாத தசை. நரம்பை நீக்கி, மெல்லியதாகச் சீவி இரண்டே நிமிடம் வதக்க வேண்டும்.

பப்பாளிக்காய் தடவினால் எந்தக் கறியும் மென்மையாகிவிடுமா?

மேல்பரப்பு மட்டும். பச்சைப் பப்பாளியின் பப்பெய்ன், இஞ்சியின் நொதி, அன்னாசியின் நொதி மூன்றும் புரதத்தை அறுக்கும், ஆனால் கனத்த துண்டின் உள்ளே நுழையாது. அதனால் மெல்லிய துண்டுக்கே பயன். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி விழுது, அரை மணி நேரம். இரவு முழுக்க விட்டால் மேலே களியும் உள்ளே கயிறுமாக இருக்கும். ரவுண்டை இப்படிச் சீவி ஊறவைத்தால் காப்பாற்றலாம்.

பாக்கெட்டைத் திறந்தால் கறி கருஞ்சிவப்பாக, ஒரு வாடையோடு இருக்கிறது. கெட்டுவிட்டதா?

காற்று நீக்கிய பாக்கெட்டில் ஆக்சிஜன் இல்லாததால் ஊதா கலந்த நிறம் இயல்பு. திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் சிவக்கும், அடைபட்ட வாடையும் போய்விடும். அரை மணிக்குப் பிறகும் புளித்த நாற்றம் இருந்தால், கை வழவழத்தால், தூக்கிப் போடுங்கள். வடியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை. தசையில் உள்ள மயோகுளோபின் கலந்த தண்ணீர்.

சிவப்பாகச் சாப்பிட எங்களுக்குப் பிடிக்காது. ஆபத்தும் இல்லையா?

அமெரிக்க வேளாண்மைத் துறை முழுத்துண்டுக்கு உள்வெப்பம் 63 டிகிரி செல்சியஸும் பிறகு 3 நிமிட ஓய்வும் சொல்கிறது. அரைத்த கறிக்கு 71 டிகிரி. கிருமி மேல்பரப்பில்தான் இருக்கும், அரைத்தால் எங்கும் கலந்துவிடும் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். ஊசியாலோ கத்தியாலோ குத்தி மென்மையாக்கிய கறியிலும் இதே சிக்கல் உண்டு. 2016 முதல் அதை லேபிளில் சொல்லியாக வேண்டும், படித்துப் பாருங்கள். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், விசில் எண்ணுவதைவிட நம்பகமானது.

நன்றாக வெந்தால்தான் இறங்கும் என்பவர்கள் விலையுயர்ந்த டெண்டர்லாயின், ரிப்-ஐ பக்கம் போகவே வேண்டாம். அந்த விலை மென்மைக்காக. முழுக்க வேகவைத்தால் அந்த மென்மை போய்விடும். அதே பணத்தில் இரண்டு மடங்கு ஷார்ட் ரிப் வாங்கிக் குழம்பு வைத்தால் வீடே மணக்கும். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் எப்படியும் முழுக்க வெந்ததையே கொடுங்கள்.

லண்டனில் இருக்கும் அக்கா சொல்லும் பெயர்கள் எதுவும் இங்கே பொருந்தவில்லையே?

பொருந்தாது. பிரிட்டனில் சர்லாயின் என்பது, அமெரிக்காவில் இடுப்பிலிருந்து வெட்டும் ஸ்ட்ரிப் ஸ்டேக். அமெரிக்க சர்லாயின் அங்கே ரம்ப். ஷாங்க் அங்கே ஷின். ரவுண்ட் அங்கே டாப்சைடு, சில்வர்சைடு என்று பிரியும். டாப் பிளேட் அங்கே ஃபெதர் பிளேட். ஷார்ட் ரிப்புக்கு யாக்கோபின் ஏணி என்ற பொருளில் ஜேக்கப்ஸ் லேடர் என்றொரு அழகான பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவில் ரிப்-ஐ ஸ்காட்ச் ஃபில்லட், குழம்புக்கான ஷின் கிரேவி பீஃப். வேறு நாட்டுச் சமையல் குறிப்பைப் படிக்கும்போது முதலில் எந்த நாட்டார் எழுதியது என்று பாருங்கள்.

யாரிடம் கேட்டு வாங்குவது?

தெற்காசியர் நடத்தும் ஹலால் கடையில் "கறி சைஸ், எலும்போடு" என்றால் புரியும், நிஹாரிக்கு என்றால் ஷாங்க் எடுத்துத் தருவார்கள். மெக்சிகோக்காரர் கறிக்கடையில் விலையும் நன்றாக இருக்கும், உள்ளுறுப்புகளும் கிடைக்கும். சக்குக்கு தியெஸ்மீயோ, ஷாங்குக்கு சம்பரெத்தே, தாடைக்கு கச்செத்தே, நாக்குக்கு லெங்வா, ஸ்கர்ட்டுக்கு அர்ரசேரா. இந்த ஐந்து சொல் போதும். பெரிய அங்காடியிலும் கவுண்டர் மணியை அடித்தால் ஆள் வருவார். பெயரைக் கேட்காதீர்கள். "மூன்று மணி நேரம் மசாலாவில் வேகவைக்கப் போகிறேன், எதைக் கொடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஊரில் பாய் நம்மிடம் கேட்டதை இங்கே நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு துண்டு மலிவாகக் கிடைத்துவிட்டது. என்ன செய்வது?

வாங்கி வாருங்கள். ஓரத்திலிருந்து நாருக்குக் குறுக்கே நெல்லிக்காய் அளவு ஒரு துண்டு அரிந்து, உப்புப் போட்டு, காய்ந்த கல்லில் ஒரு நிமிடம் வாட்டி வாயில் போடுங்கள். நான்கைந்து கடியில் கரைந்தால் மொத்தத்தையும் கல்லில் வாட்டலாம். பல்லுக்கு அடங்காமல் எகிறினால், கையில் இருக்கும் மிச்சத் துண்டில் வெள்ளை ஜவ்வு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் குக்கர், சிறு தீ, மசாலா. ஜவ்வும் இல்லை, கொழுப்பும் இல்லை, ஆனால் கடினம் என்றால் அது ரவுண்ட் குடும்பம். உறைபெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து இறுகியதும் மெல்லியதாகச் சீவி, பப்பாளி விழுதில் அரை மணி ஊறவைத்து, பெரிய தீயில் இரண்டு நிமிடம் வதக்கி இறக்குங்கள்.